எண்ணெய்ச்சட்டிக்கு எத்தனை பங்கு?

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம். தட்டுவடை போட்டு விற்றதில் செலவெல்லாம் போக நின்ற லாபம் 43,200 ரூபாய். ஆறால் வகுத்தால் தலைக்கு 7,200. மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஆறு கட்டாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். ஐந்து பேர் எடுத்துக்கொண்டோம். எண்ணெய்ச்சட்டி முன்னால் நின்று சுட்டெடுத்த அக்கா மட்டும் எடுக்கவில்லை.

"எனக்கு வேணாம் கண்ணு. நீங்களே வெச்சுக்கங்க."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கட்டு பாயிலேயே கிடந்தது.

நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரே தெருவிலும் அடுத்த தெருவிலும் குடியிருப்பவர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் பழகி, அதிலிருந்து ஆறு பேர் மட்டும் சேர்ந்து தட்டுவடை போடுகிறோம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, பச்சை, சிவப்பு என்று இரண்டு சட்னியும் தடவிக் கொடுக்கும் செட் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்தக் கடைகளுக்குத் தட்டுவடை போட்டுக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். தீபாவளிக்கு வீட்டு ஆர்டரும் சேரும். இந்த முறை 24 நாளில் 480 கிலோ போட்டோம். கிலோவுக்கு 90 ரூபாய் நின்றது.

ஒருவர் அரிசி ஊறவைத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்துக் கெட்டியாக ஆட்டி, பொட்டுக்கடலை மாவும் ஊறிய கடலைப்பருப்பும் எள்ளும் போட்டுப் பிசைவார். இரண்டு பேர் தட்டுவார்கள். பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் கோலிக்குண்டு அளவு உருண்டையை வைத்து டம்ளரின் அடியால் ஓர் அழுத்து, முள்கரண்டியால் இரண்டு குத்து. கிலோவுக்கு ஏறக்குறைய 200 நிற்கும். அப்படியென்றால் ஒரு நாளின் இருபது கிலோவுக்கு நாலாயிரம் அழுத்து. ஒருவர் எண்ணெய்ச்சட்டி. ஒருவர் ஆறவைத்து, எடைபோட்டு, பாக்கெட் ஒட்டுவார். நான் ஆர்டர் பிடிப்பது, சரக்கு வாங்குவது, கொண்டுபோய்ப் போடுவது, கணக்கு. பி.காம். படித்தவள் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது.

அக்கா விட்டுப்போன கட்டை பீரோவில் வைத்துவிட்டு, அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இதே அக்காவை வேறொரு நாளிலும் பார்த்திருக்கிறேன். போன வருஷம் ஆடி மாதம் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தோம். அங்கே நடந்த குலுக்கலில் எங்களுக்கு 3,000 ரூபாய் விழுந்தது. 'ஆளுக்கு ஐந்நூறு' என்று நான் கணக்குச் சொல்லி வாய் மூடவில்லை, "ஆளுக்கு நானூறு போதும். மிச்ச அறுநூறைப் புள்ளை பெத்துக் கெடக்கற அந்தப் பொண்ணுக்குக் கொடுத்துரலாம்" என்றார் இந்த அக்கா. முன்பு எங்களோடு தட்டிக்கொண்டிருந்த பெண் அவள். கண்காட்சிக்கு வரக்கூட இல்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. அப்படிக் கொடுத்த கைதான் இப்போது 7,200 ரூபாயைத் தொட மறுக்கிறது. பேராசை என்று எப்படிச் சொல்வது?

மகள் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். காலையில் அவளிடம் சொன்னபோது, இதை வைத்து ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது என்றாள். டாட் செர்ரி, பீட்டர் ஃப்ரைக்ப்ளாம், ஜேசன் ஷோக்ரன் என்ற மூன்று பேர் 2002இல் வெளியிட்டது. ஒருவர் கையில் பணம், எதிரில் முன்பின் தெரியாத இன்னொருவர். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், எதிராளி எதுவும் கேட்க முடியாது. பணம் சும்மா கையில் வந்தபோது ஐந்தில் நாலு பேருக்கு மேல் ஏதாவது ஒரு தொகை கொடுத்தார்கள். அதே பணத்தை ஒரு தேர்வு எழுதிச் சம்பாதிக்க வைத்தபோது, பத்தில் ஏழு பேருக்குக் குறையாமல் ஒரு காசு கொடுக்கவில்லை. யார் என்ன கொடுத்தார் என்பது நடத்துகிறவர்களுக்கே தெரியாதபடி செய்ததும், கொடுக்காதவர்கள் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையவில்லை.

"அப்போ உழைச்சா மனுஷன் கல்லாயிடறானா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, மறுபக்கமும் இருக்கு" என்று இன்னொன்றைச் சொன்னாள். ராபர்ட் ஆக்ஸ்பி, ஜான் ஸ்ப்ராகன் இருவரும் 2008இல் வெளியிட்ட பரிசோதனையில், பணத்தைச் சம்பாதித்தவர் எதிராளி. பிரிக்கும் உரிமை மட்டும் இவருக்கு. அப்போது சராசரியாகப் பாதிக்கு மேலேயே எதிராளிக்குக் கொடுத்தார்களாம். உழைத்தது யார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கை தானாக நீள்கிறது. எனக்கு இந்த இரண்டாவது பரிசோதனைதான் உறைத்தது. பிரிக்கும் உரிமை என் கையில் இருந்தது. சம்பாதித்தது யார் என்பதை நான் பார்க்கவே இல்லை.

அக்கா பத்து நாள் வரவில்லை. நடுவில் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர், 60 கிலோ, மூன்று நாள் வேலை. வேறு வழியில்லாமல் முதல் நாள் சட்டிக்கு நான் நின்றேன்.

இரண்டு வருஷமாக அந்த அடுப்பைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றதில்லை. பர்னர் எரிகிற சத்தம் முதலில் காதை அடைக்கிறது. பிறகு வெக்கை, முகத்தில் அல்ல, தொடையிலும் வயிற்றிலும். சேலை அந்த இடத்தில் சூடாகி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. பத்துப் பத்தாகத் தட்டுவடையை நழுவவிட்டால் சோவென்று மழை பெய்வது போல் சத்தம் எழுகிறது. வேக வேக அந்த மழை குறைந்து, சொட்டுச் சொட்டாகி, கடைசியில் அடங்கும். அடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் எடுக்க வேண்டும். முந்தினால் நடுவில் மாவு மெத்தென்று நிற்கும், இரண்டு நாளில் காறல் வரும். பிந்தினால் கடலைப்பருப்பு கருகிக் கசக்கும். நிறத்தைப் பார்த்து எடுக்க முடியாது. மிளகாய்ச் சிவப்பு போட்டதிலிருந்தே கண்ணை ஏமாற்றுகிறது. காதால் எடுக்க வேண்டும். ஆனால் பர்னர் சத்தத்துக்கும் தெருவில் ஓடும் விசைத்தறிச் சத்தத்துக்கும் நடுவில் அந்த ஒரு கணத்தை என் காது பிடிக்கவே இல்லை. மதியத்துக்குள் நாலு கிலோ கருகிற்று. முழங்கைக்குக் கீழே ஐந்து இடத்தில் எண்ணெய் தெறித்தது. அக்காவின் கையில் இருக்கும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை நான் தேமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அக்கா வந்து நின்றார். கூப்பிடவில்லை, கருகின வாசம் தெருமுனையில் இருக்கும் அவர் வீடு வரைக்கும் போயிருக்கிறது. அள்ளி வைத்திருந்த கூடையைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை வாங்கினார். வாங்கும்போது என் கையைத் திருப்பிப் பார்த்தார். "தேங்கா எண்ணெய் வெச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் அவரிடம் நேராகவே கேட்டேன், உங்களுக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று. அவர் தொகை சொல்லவில்லை. "காசு கம்மின்னு சொல்லல கண்ணு. நான் நின்னதும் நீ போன் பேசினதும் ஒண்ணுன்னு வெச்சியே, அதான் மனசு கேக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. போன் பேசினதாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடைக்காரர் பணம் தராமல் மூன்று வாரம் அலையவிட்டதும், அரிசி விலைக்காக லீ பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கியதும், இருபது கிலோ மூட்டையை ஸ்கூட்டியில் வைத்து அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஓட்டியதும், ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்கு எழுதியதும் அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லை. அவருடைய கை எனக்குத் தெரியாதது போல என்னுடைய கால் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் மகள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்று செய்தேன். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. மொத்த வேலை 100 என்றால் அதில் உங்கள் வேலை எத்தனை? பெயர் போட வேண்டாம், வேலையை மட்டும் எழுதுங்கள் என்றேன். சட்டி 35. கணக்கு 30. மாவு 25. தட்டுவது 25, இன்னொரு தட்டுவது 25. பாக்கெட் 20. கூட்டினால் 160.

யாரும் பொய் எழுதவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முப்பது என்று எழுதியவள் நான். யோசித்து, நேர்மையாகத்தான் எழுதினேன். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இலேயே கணவன் மனைவியரிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்: வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு? பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. தான் செய்தது உடம்பில் பதிந்து கிடக்கிறது, சுலபமாக ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்தவர் செய்ததில் பாதி நாம் தூங்கும்போதும் வெளியே போயிருக்கும்போதும் நடக்கிறது. எங்கள் ஆறு சீட்டில் கூடுதலாக நின்ற அந்த அறுபதையும் யாரும் திருடவில்லை.

சரி, உழைப்புக்கு ஏற்ற கூலி என்று வைத்துவிட்டால் தீர்ந்ததா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். தட்டுகிறவருக்கு நூற்றுக்கு இவ்வளவு, சட்டிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். அம்மா அங்கேதான் இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவும் அந்தக் கணக்கைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டு போனேன்.

அம்மா முப்பத்தைந்து வருஷம் காப்பித் தோட்டத்தில் பழம் எடுத்தவர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820 வாக்கில், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது என்று படித்திருக்கிறேன். நான் பிறந்தது அப்படி ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் விடிவதற்குள் அம்மா போய்விடுவார். பனியில் நனைந்த செடியைத் தொட்டால் ரவிக்கைக் கை முழுக்க ஈரம். பருவத் தொடக்கத்தில் பழம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவந்திருக்கும்; அப்போது நாள் கூலி. செடி முழுக்கப் பழுத்ததும் கிலோ கணக்கு.

அம்மாவிடம் என் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உனக்குக் காய்ப்பு வரிசை எது, காயாத வரிசை எதுன்னு தெரியுமா?" என்றார். மேஸ்திரி காலையில் ஆளுக்கொரு வரிசை பிரித்துவிடுவார். ஒரு வரிசையில் கிளை தாழ்ந்து கொத்துக் கொத்தாகப் பழம். பக்கத்து வரிசை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் அடர்ந்த நிழலில், தடவித் தடவித்தான் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே மாதிரி குனிந்து நிமிர்வார்கள். சாயங்காலம் தராசில் ஒருத்திக்கு நாற்பது கிலோ, ஒருத்திக்கு இருபது. தராசுக்கு முதுகுவலி தெரியாது என்றார் அம்மா. அதற்குப் பெண்கள் தாங்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளை முடிந்ததும், மேஸ்திரி அந்தப் பக்கம் போன பிறகு, வரிசையை மாற்றிக்கொள்வார்கள். மதியம் வரைக்கும் கொழுத்த வரிசையில் நின்றவள் மதியத்துக்கு மேல் நிழல் வரிசைக்குப் போக வேண்டும். போகமாட்டேன் என்று ஒருத்தியும் சொன்னதில்லையா என்று கேட்டேன். "ஒருத்தி சொன்னா. அவளோட யாரும் தண்ணிக்குப் போகல. மூணாம் நாள் மாத்திக்கிட்டா."

எனக்கு எங்கள் தட்டும் பெண்ணின் முகம் வந்தது. இரண்டு பேரில் இளையவள். பதினைந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்கு மேல் அவளால் டம்ளரை அழுத்த முடியவில்லை. மீதி ஒன்பது நாள் மற்றவர்கள் மாறி மாறித் தட்டினோம். நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் அவள் கை வீங்கியதற்கு அவளே அபராதம் கட்டியது போல் ஆகும். அந்த வீக்கமே எங்களுக்காகத் தட்டித் தட்டி வந்ததுதானே?

மகள் காட்டிய இன்னோர் ஆய்வும் இங்கேதான் எனக்குப் பொருந்தியது. காத்தரினா ஹாமன், மைக்கேல் டோமசெல்லோ முதலியவர்கள் 2011இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. மூன்று வயதுக் குழந்தைகள் இரண்டு பேர். சேர்ந்து கயிறு இழுத்தால் பலகை நகர்ந்து பரிசு வரும். ஆனால் ஒரு குழந்தையின் பக்கம் மூன்றும் மற்றதன் பக்கம் ஒன்றும் விழும்படி வைத்திருந்தார்கள். சேர்ந்து இழுத்தபோது, மூன்று கிடைத்த குழந்தை ஒன்றை எடுத்து மற்றதற்குக் கொடுத்து இரண்டு இரண்டாக்கியது பெரும்பாலும் நடந்தது. இழுக்காமல் சும்மா வந்து பார்த்தபோதே அப்படிக் கிடந்தால், அந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. சிம்பன்சிகளிடம் இந்த வேறுபாடே தெரியவில்லையாம். முதலில் சொன்ன பரிசோதனையில் தனியாக உழைத்தவன் கையை மூடிக்கொண்டான். இங்கே ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள் கையைத் திறந்தார்கள். நாங்கள் ஆறு பேரும் ஒரே கயிற்றையா பிடித்தோம், ஆறு கயிற்றையா? என் பதில்: இரண்டும்தான். அதனால் கணக்கிலும் இரண்டும் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் இறங்கி வரும்போதே தாள் போட்டு எழுதினேன். லாபத்திலிருந்து முதலில் ஒவ்வொருவரும் வந்த நாளுக்கு 250 ரூபாய். சட்டிக்கு மட்டும் நாளுக்கு 100 கூடுதல். மிச்சம் நிற்பது, என்ன வேலை செய்தாலும் எத்தனை நாள் வந்தாலும், ஆறு சம பங்கு. தீபாவளிக் கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் சேர்த்து 129 நாள், 32,250. சட்டிக்குக் கூடுதல் 2,400. மீதி 8,550, தலைக்கு 1,425. ஆக அக்காவுக்கு 9,825. இருபத்துநாலு நாளும் வந்த மற்ற மூன்று பேருக்கும் தலைக்கு 7,425. பாக்கெட் ஒட்டியவர் 18 நாள், 5,925. மணிக்கட்டு வீங்கிய பெண்ணுக்கு 5,175. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வேலையால் வந்த வலிக்குப் போன நாளை வந்த நாளாகவே எழுத வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

கையில் போன பணத்தை யாரிடமும் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் கட்டை அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். குறைந்த 2,625 ரூபாயைக் கல்யாண ஆர்டர் லாபத்திலிருந்து எடுத்துக்கொடுக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பொங்கல் ஆர்டரிலிருந்து புது முறை.

எங்கள் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1989இல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கி, அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சேலத்துக்கு வந்த திட்டத்தின் வழியில் வந்த நோட்டு. சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எல்லோரும் ஒரே தொகை சேமிக்கிறோம், அதனால் எல்லோரும் சமம். பணத்துக்காகப் போட்ட கட்டங்கள் அவை. நாள், நேரம், சூடு எழுத அதில் இடமே இல்லை. ஒரு புது நோட்டு வாங்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்: வந்த நாள், வேலை, கூடுதல், சம பங்கு.

போன வெள்ளிக்கிழமை அந்த நோட்டை எல்லோருக்கும் காட்டினேன். பாக்கெட் ஒட்டுகிற அக்கா தன் பெயருக்கு நேரே இருந்த 5,925ஐ வெகுநேரம் பார்த்தார். அதிகம் பேசாதவர். துண்டுச்சீட்டிலும் எல்லோரையும் விடக் குறைத்து இருபது என்று எழுதியவர் அவர்தான்.

"பதினெட்டு நாள்தான் ஒட்டினேன், சரி. தீபாவளி மாசம் பூரா டின்னும் மூட்டையும் எங்கூட்டு ரூம்லதான கெடந்துச்சு. எம் பசங்க ரெண்டும் வாசல்லதான் படுத்தானுங்க. அது எந்தக் கட்டத்துல வருது கண்ணு?"

யாரும் பேசவில்லை. சட்டி அக்காதான் முதலில் என்னைப் பார்த்தார்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'இடம்' என்று எழுதியிருக்கிறேன். தொகை இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம், அந்த அக்கா வீட்டு வாசலில்.